ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்? அப்பாவைச் சேர்த்திருக்கும் இல்லம் பற்றி

தாம்பரம் மகள் | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 79 வயது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா இல்லை. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம், ஏழு மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள். போன வருடம் ஆவணியில் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். மாதம் 32,000 ரூபாய், டயப்பரும் மருந்தும் தனி. புதுக் கட்டடம், வாசலில் துளசி மாடம், கிரானைட் தரை, அறைக்கு அறை டிவி. பார்த்ததும் பிடித்துப்போனது.

இன்றைக்குப் போயிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரு வாடை. வேட்டியை விலக்கிப் பார்த்தால், முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து, நடுவில் மஞ்சளாக இருக்கிறது. பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வயசானவங்களுக்கு இது சகஜம்மா, பவுடர் போட்டுட்டுதான் இருக்கோம்" என்றார்.

இன்னொன்றும் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது, ஆனால் வலது பக்கம். அந்தக் கை எழவே எழாது. உதடு வெடித்துக் கிடந்தது. டம்ளரை எடுத்து இடது பக்கம் வைத்தேன். அப்பா எடுத்து மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார். புண்ணைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்துவிட்டது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இவருக்கு எந்தக் கை வேலை செய்யும் என்று தெரிந்த ஆள் ஒருவர்கூட இன்றைக்கு டியூட்டியில் இல்லை.

ஒரு இல்லத்தில் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று வெளியாள் எப்படித் தெரிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சிஸ்டர் | ஞாயிறு, இரவு 11.25

மகளே, மற்றதெல்லாம் அப்புறம். நாளைக் காலையிலேயே ஒரு டாக்டரை வரவழைத்துப் புண்ணைக் காட்டு. மஞ்சளாக இருப்பது செத்த சதை, அதைச் சுத்தம் பண்ண வேண்டும். பவுடர் வேண்டவே வேண்டாம். சுற்றித் தேய்த்துவிடவும் கூடாது. நடுவில் ஓட்டை போட்ட காற்று வளையம் வாங்கி வைக்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், புண்ணைச் சுற்றி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். குதிகால், இடுப்பு எலும்பு, தோள்பட்டை மூன்றையும் வெளிச்சத்தில் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அங்கேயும் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுகர் பார்க்கச் சொல். முட்டை, பருப்பு கூடுதலாகப் போகட்டும்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸ். ஓய்வுக்குப் பிறகு இரண்டு இல்லங்களில் நாலு வருடம் வேலை பார்த்தேன். நீ கேட்ட கேள்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். ஒழுங்காகத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். டயப்பரைப் பார்த்து, துடைத்து, தலையணை முட்டுக் கொடுத்து முடிக்க ஒருவருக்கு ஏழு நிமிடமாவது ஆகும். ஒரு மாடியில் இப்படி 11 பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 77 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் மீதி இருப்பது 43 நிமிடம். அதற்குள்தான் பாத்ரூம் கூட்டிப்போவது, வாந்தி எடுத்தவரைப் பார்ப்பது, கட்டிலை விட்டு இறங்கி அலைகிற மறதிக்காரரைப் பிடித்து உட்கார வைப்பது எல்லாம். இது இரண்டு பேர் இருந்தால். ஒரே ஆள் என்றால் திருப்பவே முடியாது, இழுக்கத்தான் முடியும். விரிப்பில் உடம்பு இழுபடும்போது தோல் கிழியும். உன் அப்பாவுக்கு வந்திருப்பது வயசால் வந்த புண் இல்லை. ராத்திரி யாரும் திருப்பாததால் வந்த புண்.

அதனால் கிரானைட்டை விடு. ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரைக்கும் அந்த மாடியில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் போன வருடமும் இருந்தவர்கள் என்று கேள். இந்த இரண்டுக்கும் உடனே பதில் சொல்கிற இல்லம் நல்ல இல்லம்.

தாமிரபரணி | திங்கள், காலை 6.50

வருத்தமாக இருக்கிறது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நம்மைத் தூக்கி வளர்த்தவர்களை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் சரியாகத் தூக்கவில்லை என்று கேட்பதில் என்ன நியாயம்? எங்கள் ஊரில் இன்னும் அப்படி ஒரு பழக்கம் வரவில்லை. என் அம்மா வீட்டில்தான் இருக்கிறார்.

கரிசல் | திங்கள், காலை 7.30

தாமிரபரணி அண்ணாச்சி, அந்தப் பெண் கேட்ட கேள்வி வேறு. புண் வந்திருக்கிறது, என்ன செய்ய என்று கேட்கிறார். அதற்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

கோவை இல்லம் | திங்கள், மதியம் 2.15

நான் 22 படுக்கை உள்ள சிறிய இல்லம் நடத்துகிறேன், ஒன்பது வருடமாக. பெயர் சொல்ல விரும்பவில்லை, இது விளம்பரம் இல்லை.

சிஸ்டர் சொன்ன கணக்கு சரிதான். என் பக்கத்து நிலைமையையும் சொல்கிறேன். ராத்திரி எனக்கு மூன்று பேர் வேண்டும். மாதத்தில் பத்து நாள் இரண்டு பேர்தான் வருகிறார்கள். பகலில் வேலை பார்த்தவரையே ராத்திரிக்கும் நிறுத்துகிற டபுள் டியூட்டி என் இல்லத்திலும் நடந்திருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு அந்த ஆள் நாற்காலியில் தூங்கிவிட்டால் அது அவர் தப்பு இல்லை, என் தப்பு.

ஒரு அட்டெண்டருக்கு 14,000 சம்பளம், சாப்பாடு, தங்க இடம் கொடுக்கிறேன். மில்லிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் அதே சம்பளம் கிடைக்கிறது, அங்கே யாருடைய மலத்தையும் அள்ள வேண்டாம். திருமணப் பேச்சு வந்ததும் "பொண்ணு என்ன வேலை பார்க்குது" என்று கேட்பார்கள் என்பதற்காகவே நின்றுவிட்ட இரண்டு பெண்கள் எனக்குத் தெரியும். நல்ல கை அவர்களுக்கு. இப்போது பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து ஏஜென்சி மூலமாக வருகிறார்கள். கடுமையாக உழைக்கிறார்கள். ஆனால் ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்றால் அவர்களுக்குப் புரியாது. "ஒரு மாதிரி இருக்கு" என்று நம் ஆட்கள் சொல்வதற்குள் எத்தனை அர்த்தம் இருக்கிறது! மூன்று மாதத்தில் கொஞ்சம் தமிழ் பழகும்போது ஏஜென்சி வேறு இடத்துக்கு மாற்றிவிடும். மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு உண்மை. சேர்க்க வருகிற குடும்பங்களில் பத்துக்கு ஒன்பது என்னிடம் கேட்பது ஏசி உண்டா, வைஃபை உண்டா, டெபாசிட் எவ்வளவு என்பதுதான். "ராத்திரி எத்தனை பேர்" என்று இந்த ஒன்பது வருடத்தில் நாலே பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டால் எங்களுக்கும் நல்லது. சம்பளத்துக்குச் செலவு செய்தால் அது யாருடைய கண்ணிலும் படுவதில்லை, பெயின்ட் அடித்தால் படுகிறது.

ஓய்வூதியர் | திங்கள், மாலை 5.05

சமூக நலத்துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சட்டம் பக்கம் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெளிநாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் முதியவர்களை வைத்துப் பராமரிக்கிற இடம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி, பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போகிற இடம். அது மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் சுகாதாரத்துறையிடம் பதிவாகும். முதியோர் இல்லம் சமூக நலத்துறை பக்கம். மூக்கில் ட்யூப், சிறுநீர்ப் பை, ஆறாத புண் என்று நோயாளியாகவே இருக்கும் ஒரு முதியவர் இல்லத்தில் படுத்திருந்தால், அவர் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார். அவருக்கு எத்தனை நர்ஸ் என்று கேட்கிற அதிகாரி யார் என்பதே தெளிவாக இல்லை.

2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பெரும்பாலும் பிள்ளைகள் தர வேண்டிய ஜீவனாம்சத்தைப் பற்றியது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்பதைக் கவனியுங்கள், 'அமைக்க வேண்டும்' இல்லை. இல்லங்களுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கும் பதிவு, குறைந்தபட்சத் தரம் எல்லாவற்றையும் கொண்டுவரும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிசீலனைக்குப் போய் வந்தது. சட்டமாகாமலே அந்த அவையின் காலம் முடிந்துவிட்டது. இவ்வளவுக்கும் 2021 கணிப்புப்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு (16.5) அடுத்து நாம்தான்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரம விவகாரம் நினைவிருக்கும். ஆதரவற்றவர்களையும் மனநலம் குன்றியவர்களையும் வைத்திருந்த இடம். அங்கே சேர்த்த முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் உள்ளே நடந்த கொடுமைகள் பற்றிய புகார்கள் வெளியே வந்தன. உறவினர் தேடி வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் போயிருக்குமோ.

தாம்பரம் மகளுக்கு: மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அந்த இல்லத்தின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள், தேதியோடு, புண்ணின் படத்தோடு. முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

மெல்பேண்வாசி | செவ்வாய், காலை 4.20

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது 12 வருடமாக அவுஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வேலை. இங்கே நிலைமை எப்படி என்று சொன்னால் உதவுமோ தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன்.

இங்கேயும் நன்றாக இருக்கவில்லை. 2018இல் முதியோர் பராமரிப்பை விசாரிக்க ரோயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணை ஆணையம் ஒன்று வைத்தார்கள். அடுத்த வருடம் வந்த அதன் இடைக்கால அறிக்கையின் தலைப்பே 'புறக்கணிப்பு' என்பதுதான். 2021இல் இறுதி அறிக்கை. அதற்குப் பிறகு ஆள் கணக்கைச் சட்டமாக்கினார்கள். 2023 ஜூலையிலிருந்து எந்த நிலையத்திலும் 24 மணி நேரமும் ஒரு பதிவுபெற்ற தாதி (நர்ஸ்) இருக்க வேண்டும். 2024 ஒக்டோபரிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியினுடையது. எந்த நிலையம் எவ்வளவு கொடுத்தது என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

வித்தியாசம் தெரிகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் சாப்பாடு ஊட்டி முடிப்போம். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு அரை மணி நேரம் வேண்டும், அதற்குப் பிறகும் அரை மணி நேரம் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். அவசரத்தில் ஊட்டிப் புரையேறி, நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது பகலில் உட்கார்ந்து ஊட்ட முடிகிறது.

ஆனால் அந்த 215 என்பது நாள் முழுவதற்குமான சராசரி. அதைப் பகலில் கொட்டி நிரப்பலாம். எங்கள் பகுதியில் இரவில் 34 பேருக்கு இரண்டு பேர். சட்டம் வந்த பிறகும் இரவு இரவாகத்தான் இருக்கிறது. பழைய சிஸ்டர் எழுதியதை வாசித்தபோது இரண்டு நாடு தாண்டி எங்கள் நிலையத்தைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

பழைய சிஸ்டர் | செவ்வாய், காலை 9.10

மெல்பேண் தங்கைக்கு நன்றி.

முந்தாநாள் சொல்ல மறந்த ஒன்று. ஆள் குறைவாக இருக்கிற இடத்தில் ஆளுக்குப் பதிலாக மாத்திரை வேலை செய்யும். ராத்திரி சத்தம் போடுகிறார், எழுந்து நடக்கிறார் என்றால் தூங்க வைக்கும் மருந்து கொடுத்துவிடுவார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு மனநோய்க்கான மருந்துகளை இப்படிக் கொடுத்தால் பக்கவாதமும் சாவும் கூடுகின்றன என்று தெரிந்தே பல வருடம் ஆகிறது. திடீரென்று ஒரு முதியவர் உளறுகிறார், ஆளே மாறிவிட்டார் என்றால் முதலில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். மலச்சிக்கலா, தண்ணீர் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க நேரம் உள்ள ஆள் வேண்டும்.

மகளே, அப்பாவின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார். புதிதாக எதுவும் சேர்ந்திருந்தால் எழுதியது யார் என்று கேள். பகல் 11 மணிக்கும் தூங்கி வழிகிறாரா?

தாம்பரம் மகள் | செவ்வாய், இரவு 11.50

சிஸ்டர், மருந்தில் புதிதாக எதுவும் இல்லை. நேற்று டாக்டர் வந்து புண்ணைச் சுத்தம் செய்தார். எலும்பு வரைக்கும் போகவில்லை, ஆறிவிடும் என்றார். குதிகாலிலும் சிவப்பு இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை.

இன்று இரவு ஒன்பதரைக்கு, சொல்லாமல் போனேன். "விசிட்டர் டைம் முடிஞ்சுதும்மா" என்று வாட்ச்மேன் தடுத்தார். அப்பாவின் டிரெஸ்ஸிங் சாமான் கொடுக்க வேண்டும் என்றதும் விட்டுவிட்டார். கீழ்த்தளத்தில் 14 பேர். டியூட்டியில் ஒரே ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். நான் போனபோது ஒரு தாத்தாவைப் பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இன்னொரு அறையிலிருந்து ஒருவர் "அம்மாடி, அம்மாடி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து "இதோ வரேன் தாத்தா" என்று குரல் கொடுத்தார். தாங்கிப் பிடித்திருப்பவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? நான்தான் போய் என்னவென்று பார்த்தேன். போர்வை கீழே விழுந்திருந்தது, குளிர்கிறதாம்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். வந்து பதினெட்டு நாள் ஆகிறது. யாரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவைத் திருப்பினோம். உண்மையிலேயே ஏழு நிமிடம் ஆனது, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

தாமிரபரணி | புதன், காலை 5.40

தாம்பரம் சகோதரிக்கு. திங்கட்கிழமை நான் எழுதியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டேன். "அம்மாவை ராத்திரி எத்தனை தடவை எழுந்து பார்க்கிற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மூணு தடவை அண்ணே, நாலு வருஷமா" என்றது. அதற்கு முதுகு வலி என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் ராத்திரி டியூட்டியில் ஒரே ஆள்தான். நான் சென்னையில் இருந்துகொண்டு "அம்மா வீட்டில்தான் இருக்கிறார்" என்று இங்கே எழுதினேன்.

தங்கைக்கு ஏதாவது உதவி கிடைக்குமா? ஊர் அம்பாசமுத்திரம் பக்கம்.

ஓய்வூதியர் | புதன், காலை 8.00

தாமிரபரணி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கையைப் பேசச் சொல்லுங்கள். நர்ஸ் வரும்போது, தனி ஆளாக முதுகு வலிக்காமல் எப்படித் திருப்புவது என்று செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளட்டும்.

கோவை இல்லம் | புதன், மதியம் 1.30

அதோடு மாதத்தில் நாலு நாள் நீங்கள் போய் ராத்திரி டியூட்டி பாருங்கள் அண்ணா. தங்கை தூங்கட்டும்.

தாமிரபரணி | புதன், மதியம் 1.45

வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டுவிட்டேன்.

தாம்பரம் மகள் | அடுத்த ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை, கீழ்த்தளத்தில் இருப்பவர்களின் குடும்பங்களில் ஆறு பேரைப் பிடித்தோம். நாலு பேர் வந்தார்கள், இரண்டு பேர் போனில். சேர்ந்து போய் நிர்வாகியிடம் பேசினோம். சண்டை போடவில்லை. சிஸ்டர் சொன்ன 77 நிமிடக் கணக்கை ஒரு தாளில் எழுதி, 14 பேரில் படுக்கையில் இருக்கும் 9 பேரைப் போட்டுக் காட்டினோம். ஒரு சுற்றுக்கு 63 நிமிடம், அதுவும் இரண்டு பேர் இருந்தால். அவர் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆள் போட்டால் மாதம் ஆளுக்கு 1,500 கூடும் என்றார். ஐந்து குடும்பம் சரி என்றோம். ஒருவர் முடியாது என்றார். அவர் நிலைமை அவருக்கு, நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று முதல் ராத்திரி இரண்டு பேர் இருக்கிறார்கள். இது எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்க வாரம் ஒரு ராத்திரி நாங்கள் முறைபோட்டுப் போகிறோம். இல்லத்தின் பதிவு பற்றி சமூக நல அலுவலகத்திலும் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு அட்டை மாட்டியிருக்கிறோம். அப்பாவுடையதில் நானே எழுதினேன், தமிழிலும், அந்தப் பெண்ணுக்காக இந்தியிலும்: "இடது கை வேலை செய்யும். தண்ணீர், கூப்பிடும் மணி இரண்டும் இடது பக்கம். டீயில் சர்க்கரை கம்மி. பழைய பஸ் பற்றிக் கேட்டால் பேசுவார்."

இன்றைக்குப் போனபோது அந்தப் பெண்ணிடம் கியர் பாக்ஸ் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் கோணியதிலிருந்து அவர் பேசுவது எனக்கே பாதிதான் புரியும். அந்தப் பெண்ணுக்குத் தமிழே சரியாக வராது. ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே குதிகாலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தார்.

சிஸ்டர், புண் கொஞ்சம் சுருங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது. படம் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த டிரெஸ்ஸிங் புதன்கிழமை.